உயரத்தின் கடன்

கோவை மாநகரின் காந்திபுரத்துக் கிராஸ்கட் சாலையில் மாலை வேளையில் ஓடும் மோட்டார் வாகனங்களைச் சிறிது நேரம் நின்று கவனிப்பவருக்கு, கடந்த பத்தாண்டுகளில் நடுத்தரக் குடும்பத்தாரின் கார் மெல்ல மெல்லத் தரையைவிட்டு எழும்பி நின்றுவிட்டது என்பது எவரும் எடுத்துச் சொல்லாமலே விளங்கும். ஒரு காலத்தில் இந்நகரத்து வீடுகளின் முகப்பில் அம்பாசடரும், பிறகு மாருதி 800-உம், அதன் பிறகு சான்ட்ரோவும் நின்ற இடத்தில் இன்று நிற்பவை, நிமிர்ந்த முகமும் உயர்ந்த இருக்கையும் அகன்ற சக்கரமும் கொண்ட சிறு எஸ்.யு.வி.கள். அவற்றுள் மிகுதியாகக் கண்ணில் படுவனவற்றில் ஒன்றான ஹூண்டாய் கிரெட்டா, நம் தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியாவது. 2015 ஜூலையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து, 2020 மார்ச்சில் முழுவதும் புதிதாக வார்க்கப்பட்டு, 2024 ஜனவரி 16-ஆம் தேதி மீண்டும் ஒரு முறை திருத்தியமைக்கப்பட்ட அந்த வாகனத்தை முன்னிறுத்தியே, ஒரு குடும்ப வாகனம் மறுவடிவம் பெறும்போது அதில் உண்மையில் புதிதாவது என்ன என்னும் கேள்வியை இந்த அத்தியாயத்தில் ஆராயப் புகுகிறோம்.

விற்பனைக் கூடத்துக்குச் செல்லும் குடும்பத்தாருக்குப் புதுமை என்று முதலில் காட்டப்படுவது முகம். முன்புறத்தின் குறுக்கே ஒரே கோடாக ஓடும் விளக்கு, பின்புறத்தில் இரு ஓரங்களையும் இணைக்கும் செந்நிற விளக்கு, உள்ளே அடுத்தடுத்து அமைந்த 10.25 அங்குலத் திரைகள் இரண்டு, ஓட்டுநருக்கும் அருகிலிருப்பவருக்கும் தனித்தனியே குளிர்ச்சியைப் பங்கிடும் அமைப்பு ஆகியவை 2024-இன் மாற்றங்கள். இவை கண்ணுக்கு இனியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மூன்று அவதாரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போமானால் வேறொரு செய்தி வெளிப்படுகிறது. நீளம் 4270 மில்லிமீட்டரிலிருந்து 4300 ஆகி, பிறகு 4330 ஆகியிருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 2590-இலிருந்து 2610 ஆகி அங்கேயே நின்றிருக்கிறது. உயரமோ ஏறக்குறைய 1630 மில்லிமீட்டர் என்னும் அளவைச் சுற்றியே இருந்துவருகிறது. ஆகவே இந்த வாகனத்தை இவ்வகை வாகனமாக்கும் உயரம் என்னும் குணம் மாறவில்லை. அந்த உயரத்தைச் சாலையில் ஆபத்தின்றித் தாங்கி நிறுத்துவதற்காக உள்ளே செய்யப்பட்ட ஏற்பாடுகளே மாறியிருக்கின்றன. உயரம் என்பது பௌதிகத்தினிடம் வாங்கிய ஒரு கடன் என்றும், ஒவ்வொரு மறுவடிவமும் அக்கடனின் ஒரு தவணை என்றும் நான் கருதுகிறேன். வாகனத்தின் புதுமைகளுள் ஆழமானவை பெரும்பாலும் அந்தத் தவணைக் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இக்கடனை நம் மக்கள் விரும்பி ஏற்றதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மழை பெய்தவுடன் அவிநாசி சாலை ரயில் பாலத்தின் கீழும், லங்கா கார்னரிலும், கிக்கானி பள்ளி அருகிலுள்ள சுரங்கப்பாதையிலும் தேங்கும் தண்ணீரை அறிந்தவர்கள் கோவைவாசிகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்டத்துக்குச் சென்று, வரப்போரத்து மண்பாதையில் வண்டியை இறக்கி ஏற்ற வேண்டிய கடமையுள்ளவர்கள் கொங்குநாட்டுக் குடும்பத்தார். முழங்கால் வலியுடைய பெரியோர் குனிந்து இறங்கவும் வேண்டாமல், எம்பி ஏறவும் வேண்டாமல், இடுப்பின் மட்டத்திலேயே இருக்கை அமைவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது வீட்டில் முதியவர்களை வைத்துப் பராமரிப்போருக்கே முற்றிலும் தெரியும். தரையிலிருந்து வாகனத்தின் அடிப்பாகம் 190 மில்லிமீட்டர் விலகி நிற்பதும், ஓட்டுபவரின் பார்வை முன்செல்லும் கார்களுக்கு மேலாகச் சென்று நெடுந்தூரத்தை எட்டுவதும் வெறும் ஆடம்பரங்கள் அல்ல.

அரசாங்கத்தின் வரிச் சட்டங்களும் இவ்வடிவத்தில் தம் கைரேகையைப் பதித்திருக்கின்றன. சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்த பின், 4000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீளமும், 1500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சினும், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத தரை இடைவெளியும் ஒருங்கே பொருந்திய வாகனத்துக்கு மிகுந்த தீர்வை விதிக்கப்பட்டது. 2024-இன் கிரெட்டாவுடைய எஞ்சின்கள் மூன்றின் கொள்ளளவையும் நோக்குக: சாதாரண பெட்ரோல் 1497, டீசல் 1493, டர்போ பெட்ரோல் 1482. மூன்றும் 1500-இன் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை முறை மாறி, நான்கு மீட்டரைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்கள் யாவும் 40 சதவீத வரிக்குள் வந்துவிட்டன. ஆயினும் பழைய சட்டம் உருளைகளின் விட்டத்தில் எழுதிய எழுத்து இன்னும் அழியவில்லை.

இனிக் கடனின் முதற்பகுதிக்கு வருவோம். ஒரு வாகனம் வளைவில் திரும்பும்போது அதன் நிறை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், நிறைமையம் எனப்படும் அப்புள்ளி வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. சக்கரங்களோ தரையை உராய்ந்து பற்றிக்கொண்டு நிற்கின்றன. மேலே இழுப்பும் கீழே பிடிப்புமாகச் சேர்ந்து வண்டியைக் கவிழ்க்க முயல்கின்றன. வைக்கோலை மேலும் மேலும் அடுக்கிய மாட்டுவண்டி, அதே சுமையைக் கல்லாக ஏற்றிய வண்டியைவிட எளிதில் சாய்வது இக்காரணத்தாலேதான். இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை, நிறைமையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே வாகனத்தின் ஸ்திரத்தன்மைக்கு அளவுகோல். தாழ்ந்த கார்களுக்கு இது பொதுவாக 1.3 முதல் 1.5 வரையிலும், எஸ்.யு.வி. வகைக்கு 1 முதல் 1.3 வரையிலும் அமையும் என்று அமெரிக்க நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. சக்கர அகலம் 1.55 மீட்டர், நிறைமையம் 0.62 மீட்டர் உயரத்தில் என்று எடுத்துக்கொண்டால் எண் 1.25 ஆகிறது, கூரைமேல் பெட்டிபடுக்கைகளைக் கட்டி நிறைமையத்தை எட்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 1.1-க்கு இறங்கிவிடுகிறது. பழனிக்கோ சபரிமலைக்கோ புறப்படும்போது மேலே சுமை கட்டுவோர் இதனை அறிந்திருப்பது நல்லது.

உயர்ந்த சிறு வாகனம் கவிழக்கூடும் என்பது உலகத்தாருக்குப் பிரத்தியட்சமானது 1997 அக்டோபரில். சுவீடன் நாட்டுச் சாலைகளில் மூஸ் என்னும் பெரிய மான் இனம் திடீரெனக் குறுக்கிடுவதுண்டு. ஆகவே அதைத் தவிர்ப்பதற்காகச் சடுதியில் ஒரு பக்கம் ஒடித்து, உடனே மறுபக்கம் ஒடித்துப் பார்க்கும் சோதனையை அந்நாட்டு மோட்டார்ப் பத்திரிகைக்காரர்கள் வழக்கமாகச் செய்துவந்தார்கள். அச்சோதனையில், அப்போதுதான் வெளிவந்திருந்த மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஏ-கிளாஸ் என்னும் சிறிய, உயரமான கார் உருண்டுவிட்டது. நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாயிருந்த ஒரு மின்னணுக் கருவியை அந்தச் சிறிய கார் ஒவ்வொன்றிலும் பொருத்தி, மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாடு என்று நாம் கூறக்கூடிய அக்கருவியை, பாஷ் நிறுவனத்தின் துணையோடு அதே மெர்சிடிஸ் நிறுவனம் 1995-இல் அறிமுகப்படுத்தியிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினார் என்பதை ஓர் உணரியும், வண்டி தன் அச்சில் உண்மையில் எவ்வளவு சுழன்றது என்பதை மற்றோர் உணரியும் ஒவ்வொரு விநாடியும் பன்முறை அளந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் பேதம் காணப்பட்டவுடன், நான்கு சக்கரங்களுள் தக்க ஒன்றை மட்டும் பிரேக் பிடித்து, ஓட்டுநர் நினைத்த திசைக்கே வண்டியை இழுத்துக்கொண்டுவரும். எந்தத் திறமைசாலியான ஓட்டுநரும் தம் ஒரே காலால் நான்கு சக்கரங்களைத் தனித்தனியே அடக்க இயலாது என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கருவியின் மகிமை புலப்படும்.

கொங்குநாட்டில் இதன் பிரயோஜனத்தைக் காட்ட மானினம் வேண்டியதில்லை. ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வீசும் மேல்காற்று, வாளையாறு, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றும் அதே வலிமையோடு, நெடுஞ்சாலையில் செல்லும் வாகனத்தின் விலாவையும் தாக்குகிறது. விலாவின் பரப்பு மிகுந்த உயரமான வண்டி அத்தாக்குதலை மிகுதியாக ஏற்கிறது. ஒரு லாரியின் மறைவிலிருந்து வெளிப்படும் கணத்தில் வண்டி ஓரடி ஒதுங்குவதை அவ்வழியில் ஓட்டியோர் அறிவர். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆகவே வண்டி வாங்கப் போகிறவர் திரையின் அகலத்தை விசாரிக்கும் முன், இக்கட்டுப்பாடு தாம் வாங்கும் ரகத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பதே முறை.

கடனின் இரண்டாம் பகுதி, மேலேறுவது. உயரமான உடல் என்பது மிகுதியான எஃகு. மிகுதியான எஃகு என்பது மிகுதியான பாரம். வண்டியின் எடை 1300 கிலோ, ஐவரும் அவர்களது மூட்டைகளும் 400 கிலோ என்று வைத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு, அதாவது ஏறக்குறைய 1900 மீட்டர் உயரத்துக்கு, இதனைத் தூக்குவதாகக் கணக்கிட்டால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் 3 கோடியே 16 லட்சம் ஜூல் சக்தி செலவாகிறது. மின்வாரியத்தார் அளக்கும் கணக்கில் இது ஏறக்குறைய 8.8 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள உஷ்ண சக்தியில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்கு உதவும் வேலையாக மாறுகிறதாகையால், சாலையின் உராய்வையும் காற்றின் தடையையும் சேர்க்காமலே, மலையின் உயரத்துக்கென்று மட்டும் இரண்டரை லிட்டருக்கு மேல் எரிந்துபோகிறது.

ஏறுகின்ற வண்டிக்கு வேறொரு சங்கடமும் உண்டு. உதகையில் காற்று, கடல்மட்டத்துக் காற்றின் அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்குதான். சாதாரண பெட்ரோல் எஞ்சின், வளிமண்டலம் எவ்வளவு காற்றைத் தருகிறதோ அவ்வளவையே உள்வாங்குவது; காற்று குறைந்தால் எரியக்கூடிய எரிபொருளும் குறையும். கீழே 115 குதிரைசக்தி தரும் அதே எஞ்சின் மேலே சென்றதும் 90-ஐ ஒட்டிய சக்தியோடு நிற்கும், அதுவும் வழி செங்குத்தாகும் வேளையில். 2024-ஆம் ஆண்டின் மறுவடிவத்தில் வந்துசேர்ந்த 160 குதிரைசக்தி டர்போ பெட்ரோல் எஞ்சின் இதற்குச் சொல்லும் பரிகாரம் அழகானது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேலாகச் சுழலவிட்டு, அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்துகிறது. வெளிக்காற்று மெலிந்த இடத்தில் இச்சக்கரம் இன்னும் விரைந்து சுழன்று அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். அமுக்கப்பட்ட காற்று சூடாகும். சூடான கலவை பொறியால் எழுந்த சுடர் எட்டுமுன்னரே தானே வெடித்து உருளையைத் தட்டும். ஆகவே காற்றை இடைவழியில் குளிர்வித்து, பெட்ரோலையும் உருளைக்குள்ளேயே நேராகப் பீய்ச்சி, அது ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இவற்றின் பயனாக, சாதாரண எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்றில் தரும் 144 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு மாறாக, டர்போ எஞ்சின் 1500 சுற்றிலேயே 253-ஐ எட்டிவிடுகிறது. டீசல் எஞ்சினின் முறுக்குவிசையும் 250 என்பதைக் காணும்போது, மலையேற்றத்துக்கு டீசலே கதி என்ற பழைய அபிப்பிராயம் தளர்ந்துவிட்டது தெரிகிறது. நெடுந்தூரம் ஓடுவோருக்கு எரிபொருள் சிக்கனத்தால் டீசலுக்குரிய மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

சமவெளியில் விரைந்து செல்லும்போது கடன் காற்றினிடம் செலுத்தப்படுகிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கி நிற்கும், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரையிலான பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தைக் கடந்து, அவிநாசிக்கு அப்பால் சேலம் சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இவ்வகை வாகனம் ஒன்று, காற்றைப் பிளப்பதற்கென்று மட்டும் சுமார் 14 குதிரைசக்தியைச் செலவிடுகிறது. அதே வேகத்தில் ஒரு தாழ்ந்த செடான் கார் 11-ஐ ஒட்டிச் செலவிட்டால் போதும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகவும், அதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனமாகவும் பெருகுகிறபடியால், 80-இல் சென்றால் இச்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். வடிவமைப்பாளர்கள் முகத்தை எவ்வளவு கம்பீரமாக நிமிர்த்துகிறார்களோ, அவ்வளவுக்குக் கூரையின் பின்சரிவிலும் அடித்தளத்திலும் காற்றைச் சமாதானப்படுத்தியாக வேண்டியிருக்கிறது.

மோதலின் கதை இவை எல்லாவற்றினும் முக்கியமானது. உயரமான வண்டி என்றாலே உறுதியான வண்டி என்று நம்மவர் கருதுவது இயல்பு. ஆனால் உறுதி என்பது அளவிலே இல்லை, சட்டகத்திலே இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 17.8 மீட்டர் வேகத்தில், செல்லும் மனிதனைப் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால், அவன் உடல் தன் எடையைப் போல் 160 மடங்கு விசைக்கு உள்ளாகும். அதையே அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தினால் 27 மடங்கோடு தப்புவான். எனவே முன்பாகம் நசுங்கித் தூரத்தைத் தரவேண்டும். மனிதர் இருக்கும் கூடு மட்டும் நசுங்காதிருக்க வேண்டும். இவ்விரு தர்மங்களையும் ஒரே உடலில் பிரித்து வைக்கும் கருத்தை மெர்சிடிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பேலா பாரென்யி என்னும் பொறியியலாளர் 1950-களின் தொடக்கத்தில் காப்புரிமையாகப் பதிவுசெய்தார். 1959-இல் அது சாலைக்கு வந்தது.

2022-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு அந்நாளைய கிரெட்டாவை இவ்வேகத்தில் ஒரு தடுப்பின்மீது மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரம் என்று முடிவு வந்தது; பயணிகள் கூடு ஸ்திரமற்றது என்றும் குறிக்கப்பட்டது. சோதிக்கப்பட்ட அடிப்படை ரகத்தில் காற்றுப்பைகள் இரண்டே இருந்தன. அதன்பின் காற்றுப்பைகள் ஆறும் எல்லா ரகங்களுக்கும் பொதுவாயின. 2024-இல் உடற்கூட்டையும் வலுவூட்டியிருப்பதாக நிறுவனம் அறிவித்தது. அப்படி வலுவூட்டுவதற்கு இன்றைய கார்த் தொழில் கையாளும் மார்க்கங்களுள் தலையாயது, போரான் கலந்த எஃகைச் சுமார் 900 பாகைக்கு மேல் செந்தணலாகக் காய்ச்சி, அச்சில் அழுத்தி வடிவம் தரும்போதே அவ்வச்சினுள் ஓடும் நீரால் சடுதியில் குளிரவைப்பது. சாதாரண உருக்குத் தகடு 300 மெகாபாஸ்கல் அளவு இழுவிசையில் அறுந்துபோகுமானால், இவ்வாறு பிறந்த எஃகு 1500 வரை தாங்கும். சுவீடனில் உருவான இம்முறையை 1984-இல் சாப் நிறுவனம் தன் கார்களின் கதவுகளுக்குள் முதலில் பயன்படுத்தியது. வார்ப்படத் தொழிலும் உஷ்ணப் பதனிடும் தொழிலும் குடிசைக்குக் குடிசை தெரிந்த பீளமேட்டுப் பக்கத்து மக்களுக்கு, ஓர் உலோகம் குளிரும் வேகத்தால் வலிமை பெருகுவது நம்பமுடியாத செய்தியாக இராது. வாங்குவோர் இந்தக் கூட்டைப் பார்க்க முடியாது. வண்ணமும் தோலுறையும் அதை மறைத்துவிடுகின்றன. 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் போன்ற சோதனைகள் மறைந்திருப்பதை நமக்காகப் பிளந்து காட்டுபவை. அச்சோதனையின் முடிவைக் கேட்டு வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்ற வேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம்.

உள்ளே இருப்பவரைக் காக்கும் உயரம் வெளியே இருப்பவரை என்ன செய்கிறது? இக்கேள்வி காந்திபுரம் போன்ற இடத்தில் மிகக் கூர்மையாக எழுகிறது; ஏனெனில் டவுன் பஸ்ஸுக்கு விரையும் மாணவியும், சாலையைக் கடக்கும் பூக்காரரும், மேம்பாலத் தூண்களுக்கிடையே புகுந்து வரும் இருசக்கர வாகனத்தாருமே அங்கு பெரும்பான்மையோர். தாழ்ந்த முகமுடைய கார் நடப்பவரின் காலில் மோதி அவரைத் தன்மேல் சாய்த்துக்கொள்ளும்; உயர்ந்த முகமோ இடுப்பிலும் மார்பிலும் மோதி முன்னே தள்ளிவிடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனம் மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயர்ந்து சரிவாக அமைந்த வாகனத்தைக்காட்டிலும் பாதசாரி இறப்பதற்கான சாத்தியம் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. அந்நாட்டுப் பெரு வாகனங்களை மிகுதியாகக் கொண்ட கணக்கு அது. ஆயினும் அது சுட்டும் திசை நமக்கும் பொருந்தும்.

வண்டியின் நாற்புறத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் காமிராக்களும், அடாஸ் என்று வியாபாரிகள் சுருக்கிச் சொல்லும் ஓட்டுநர் துணைக் கருவிகளும் 2024-இன் கிரெட்டாவில் புகுந்ததை இந்தக் கண்ணோட்டத்திலேயே மதிக்க வேண்டும். முகப்பில் ஒளிந்திருக்கும் ரேடார், ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள வானொலி அலைகளை முன்னே அனுப்பி, திரும்பி வரும் அலையின் கால தாமதத்தால் தூரத்தையும், அதன் அதிர்வெண்ணில் ஏற்பட்ட மாற்றத்தால் எதிர்ப்பொருளின் வேகத்தையும் அறிகிறது. கண்ணாடிக்குப் பின்னுள்ள காமிரா அப்பொருள் மனிதனா, சைக்கிளா, லாரியா என்று இனம் காண்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள் ஒன்றரை விநாடி கழியுமானால், அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்கு இன்னும் 20 மீட்டர் வேண்டும். யந்திரத்தின் கண் அந்த முதல் 25 மீட்டரில் பெரும்பகுதியை மீட்டுத்தர வல்லது. ஆனால் கோடு அழிந்த சாலையில் பாதை காக்கும் கருவி வழி அறியாது. நான்கு பக்கமும் அடர்ந்து நெருங்கும் ஸ்கூட்டர்களிடையே எச்சரிக்கை மணி ஓயாது ஒலித்து ஓட்டுநரைச் சலிப்பூட்டும். இக்கருவிகள் கண்ணுக்குத் துணையே தவிர, கண்ணுக்குப் பதில் அல்ல என்பதைக் காந்திபுரம் சந்திப்பு ஒவ்வொரு மாலையும் மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறது.

2025 ஜனவரியில் இவ்வாகனத்தின் மின்சார வடிவம் வெளிவந்தது. 42 யூனிட், 51.4 யூனிட் என இருவகை மின்கலங்களோடு வந்த அவ்வடிவத்தில்தான் உயரத்தின் கடனை அடைக்க ஒரு புதிய நாணயம் கிடைத்திருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள மின்கலத் தொகுதி இருக்கைகளுக்குக் கீழே, தரைப்பலகையோடு பலகையாகப் பரந்து கிடப்பதால், வண்டியின் உருவம் உயர்ந்தே இருக்க, நிறைமையம் மட்டும் தாழ்ந்துவிடுகிறது; மின்னணுக் கருவி ஒன்று ஆபத்துக் கணத்தில் செய்துவந்த உதவியில் ஒரு பகுதியை இங்கே பாரத்தின் இருப்பிடமே இடைவிடாது செய்கிறது. முகப்பில் எஞ்சினைக் குளிர்விக்கப் பெரிய திறப்பு வேண்டியதில்லையாதலால், தேவையானபோது மட்டும் திறந்து மூடும் மடல்களை அமைத்துக் காற்றின் தடையையும் குறைத்திருக்கிறார்கள்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடு, 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கிய ஊர் கோவை; ஆகவே மின்சார வண்டியின் மோட்டார் இங்கு அந்நியமன்று. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் பூட்டிய நாடு கொங்குநாடு. கிணற்று மோட்டார் பெரும்பாலும் தூண்டல் முறையில் சுழல்வது. காரின் மோட்டாரோ சுழலியிலேயே நிரந்தரக் காந்தங்களைப் பதித்துக்கொண்டது. மின்சாரத்தைக் கொடுத்தால் சுழல்வதும், சுழற்றிவிட்டால் மின்சாரத்தைத் தருவதும் ஆகிய இரட்டைக் குணத்தை மலைப்பாதையைப்போல் நன்கு பயன்படுத்திக்கொள்ளும் இடம் வேறில்லை. எண்ணெய் வண்டி உதகையிலிருந்து இறங்கும்போது, ஏறுகையில் சேர்த்த சக்தியில் சாலையும் காற்றும் கொண்டதுபோக மிச்சம் முழுவதையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் உஷ்ணமாகக் கொட்டியே தீர வேண்டும்; இரண்டாம் கியரில் இறங்குமாறு நீலகிரி மலைப்பாதையில் எச்சரிப்பது, பிரேக் காய்ந்து பிடிப்பிழந்துவிடாதிருக்கவே. மின்சார வண்டி அதே இறக்கத்தில் தன் மோட்டாரையே பிரேக்காகக் கொண்டு மின்கலத்துக்குத் தீனி போடுகிறது. ஐவரோடு 1900 கிலோ எடையுள்ள அவ்வண்டி மேட்டுப்பாளையம் வந்துசேர்வதற்குள் இழக்கும் உயரத்தின் சக்தி சுமார் 9.8 யூனிட், சாலை உராய்வுக்கும் காற்றுக்கும் யந்திரத்தின் சேதாரத்துக்கும் போக, அதில் ஏறக்குறைய பாதி, அதாவது 5 யூனிட், மின்கலத்துக்குத் திரும்பி வரும். பெரிய மின்கலத்தின் கொள்ளளவில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் உதகையில் தங்கியிருந்த இரவில் மின்கலத்தை நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு காலையில் புறப்படுபவருக்கு, அந்த 5 யூனிட்டை ஏற்றுக்கொள்ள இடமிராது. மோட்டாரின் பிடிப்பும் அவ்வளவுக்குத் தளர்ந்து, இறக்கத்தின் முதற்பகுதியைச் சாதாரண பிரேக்கையே நம்பிக் கடக்க நேரும். ஆதலால் மலையிலிருந்து இறங்கப் போகிறவர் தொண்ணூறு சதவீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் குன்னூர் மலைச்சரிவே நிரப்பித் தரும்படி விட்டுவிட வேண்டும்.